மாசி, பங்குனிப் பறவைகள்: வந்தவை, நிற்பவை, கிளம்பியவை

1. ஏரிக்கரையான் (செங்கல்பட்டு)

மாசி நடுவிலிருந்து பங்குனி முடியும் வரை தமிழகத்திலும் வட இலங்கையிலும் காணப்படும் அரிய பறவைகளையும், வடக்கே திரும்பும் வலசைப் பறவைகளையும் ஓரிடத்தில் பதிவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த ஏரிகள் இப்போது கரையோரம் வற்றிச் சேற்றுத் திட்டுகள் தெரியத் தொடங்கிவிட்டன. எஞ்சிய நீரில் மீன்கள் நெருங்கிவிடுவதால், தை மாதத்தில் ஏரி முழுவதும் பரவியிருந்த பறவைகள் சில மூலைகளில் குவிகின்றன. பறவை பார்ப்பது எளிதாகத் தோன்றுவதும், எண்ணிக்கை கூடிவிட்டதாக நாம் மயங்குவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஊக்கத்தோடு பட்டியலிடும் நாம், மார்ச் பிறந்ததும் ஏதேனும் அரிய பறவை தென்பட்டால் மட்டுமே எழுதுகிறோம். சாம்பல் வாலாட்டி முதன்முதலில் வந்திறங்கிய நாளைக் குறித்து வைக்காதவர் இல்லை. அது கடைசியாக நின்ற நாளைக் குறித்தவர் மிகச் சிலரே. ஆகவே அரியதை எழுதும்போது, அதே இடத்தில் எந்த எளிய பறவை இன்னும் இருக்கிறது, எது இல்லாமல் போயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

என் பங்குக்கு: வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வளர்ந்த குஞ்சுகளோடு நிற்கின்றன. ஊசிவால் வாத்துகள் மிகவும் குறைந்துவிட்டன. நீலச்சிறகி வாத்துகள் இன்னும் இருக்கின்றன.

2. உப்பளத்தான் (தூத்துக்குடி)

நல்ல வேண்டுகோள். உப்பளங்களிலிருந்து எழுதுகிறேன்.

இங்கே பனிக்காலம் முழுவதும் கரைப்பறவைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் நின்று, புதிதாக வருவோரைச் சலிப்படையச் செய்துவிடும். இப்போது அவை இனப்பெருக்க கால இறகுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. சாம்பல் உப்புக்கொத்தியின் வயிற்றில் கறுப்பு திட்டுத்திட்டாக ஏறுகிறது. பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தியின் முதுகில் பொற்புள்ளிகள் தெளிவடைகின்றன. வளைமூக்கு உள்ளானின் மார்பு செங்கல் நிறத்துக்குத் திரும்புகிறது. பழுப்புத்தலைக் கடற்காகம் தன் பெயருக்கு ஏற்ற தலையை இப்போதுதான் பெறுகிறது. பனிக்காலத்தில் அதன் தலையில் இருந்தது கண்ணுக்குப் பின்னால் ஒரு கறை மட்டுமே.

நண்பர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை சிறு பட்டாணி உப்புக்கொத்திகள். ஒரே இனமாக எண்ணப்பட்டு வந்த இவற்றை அண்மையில் திபெத்திய இனம் என்றும் சைபீரிய இனம் என்றும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பனிக்கால இறகில் இவற்றைக் களத்தில் பிரித்தறிவது மிகக் கடினம். பங்குனியிலோ ஆண் பறவையின் நெற்றி விடை சொல்லிவிடும். நெற்றி முழுவதும் கறுத்திருந்தால் திபெத்தியது. கறுப்புக்கு நடுவே வெள்ளை தெரிந்தால் சைபீரியதாக இருக்க வாய்ப்புண்டு. நம் கரையில் நிற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை திபெத்தியவையே. வெள்ளை நெற்றி கண்ணில் பட்டால் உடனே அறிவித்துவிடாமல், இறகு பாதி மாறிய பறவையாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்து, இயன்றால் நேர் எதிரிலிருந்து ஒரு படம் எடுங்கள். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் கிடைக்கும் வாய்ப்பு இது. நம்மில் பலர் அந்த வாரங்களில் வெயிலுக்கு அஞ்சி வீட்டில் இருந்துவிடுகிறோம்.

3. கோடிமுனை (வேதாரண்யம்)

கோடியக்கரை உப்பளப் பக்கமிருந்து ஒரு பதிவு. நேற்றுக் காலை உள்ளான் கூட்டம் ஒன்றின் நடுவே, முகம் முதல் வயிறு வரை செங்கல் சிவப்பாக ஒரு பறவை நின்றது. அருகிலிருந்த கொசு உள்ளான்களைக் காட்டிலும் தெளிவாகப் பெரியது, உடல் திரண்டது. தொலைவு அதிகம் என்பதால் படம் சரியாக விழவில்லை. இது செந்நாட் உள்ளானாக இருக்கலாம் என்பது என் எண்ணம். நம் கரைக்கு அது மிக அரிய விருந்தாளி என்பதை அறிவேன். அதனாலேயே இங்கே முதலில் எழுதுகிறேன்.

நின்ற எளிய பறவைகள்: கருவால் மூக்கன் ஒரு பெருங்கூட்டம், பாதிக்கு மேல் கழுத்துச் சிவந்தவை. பெரிய ஆலா சில. பூநாரை தொலைவில் ஒரு வரிசை.

4. சேற்றுக்கால் (சென்னை)

கோடிமுனை அவர்களுக்கு வணக்கம். பதிவை மறுப்பதற்காக அன்று, உறுதிப்படுத்துவதற்காகவே கேட்கிறேன். மார்ச், ஏப்ரலில் செங்கல் சிவப்பு என்பது ஓர் அடையாளமே அன்று. வளைமூக்கு உள்ளான் அப்படித்தான் சிவக்கிறது, கருவால் மூக்கனும் சிவக்கிறது, செந்நாட் உள்ளானும் சிவக்கிறது. எனவே நிறத்தை ஒதுக்கிவிட்டு நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்.

அலகு நேராக, ஏறத்தாழத் தலையின் நீளமே இருந்ததா, அல்லது தலையைவிட நீண்டு கீழ்நோக்கி வளைந்திருந்ததா? கால் குட்டையாகப் பச்சை கலந்திருந்ததா, நீண்டு கறுத்திருந்ததா? பறக்கும்போது வாலுக்கு மேலுள்ள பகுதி தூய வெள்ளையாக இருந்ததா, சாம்பல் வரிகளோடு இருந்ததா? இரை தேடிய விதம் எப்படி?

வளைமூக்கு உள்ளானுக்கு அந்தப் பகுதி பளிச்சென்ற வெள்ளை. ஒருமுறை பறக்கக் கண்டிருந்தாலே ஐயம் தீர்ந்துவிடும். கொசு உள்ளானோடு ஒப்பிட்டது பயனுள்ளதுதான், ஆனால் கொசு உள்ளான் அருகில் நின்றால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். கூட்டத்தில் பவளக்காலி இருந்திருந்தால் அதனோடும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

5. கோடிமுனை (வேதாரண்யம்)

கேட்ட வரிசையிலேயே விடை தருகிறேன். அலகு நேரானது என்றே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், ஆனால் பறவை பெரும்பாலும் குனிந்தே இருந்ததால் நுனியை நன்றாகப் பார்த்தேன் என்று சொல்ல இயலாது. காலின் கீழ்ப்பாதி நீருக்குள் இருந்தது. மேற்பாதியின் நிறம் எதிர்வெயிலில் தெரியவில்லை. பவளக்காலி ஒன்று சற்றுத் தள்ளி நின்றது. நான் கண்ட பறவை அதைவிடச் சிறியது. பூனைப்பருந்து ஒன்று தாழ வந்தபோது கூட்டம் முழுவதும் எழும்பியது. அந்தப் பரபரப்பில் இந்தப் பறவை எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. திரும்பி அமர்ந்த கூட்டத்தில் அது இல்லை.

6. சேற்றுக்கால் (சென்னை)

பவளக்காலியைவிடச் சிறியது என்பது மூக்கனை விலக்கிவிடுகிறது. மற்ற இரண்டுக்கும் இடையே முடிவு சொல்ல இச்செய்தி போதாது. 'உறுதியாகாத உள்ளான்' என்று பட்டியலில் இட்டுக் குறிப்பை முழுவதும் எழுதிவிடுங்கள். பனிக்காலம் முழுவதும் நூற்றுக்கணக்கில் வளைமூக்கு உள்ளான் தங்கும் இடத்தில், ஓர் அரிய பறவைக்கான சான்று அந்த எளிய பறவையை முதலில் விலக்கிக் காட்ட வேண்டும் என்பதே என் அளவுகோல். இக்குறிப்பு வீண் போகாது. அடுத்த வாரம் அதே பாத்தியில் வேறொருவர் படம் எடுத்தால், உங்கள் குறிப்பும் அதற்குத் துணை நிற்கும்.

7. உப்பளத்தான் (தூத்துக்குடி)

அதோடு, அந்த மூக்கன் கூட்டம் எப்போது கிளம்புகிறது என்பதை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும். கழுத்துச் சிவந்தவை பாதிக்கு மேல் என்று எழுதியதை நான் என் ஏட்டில் குறித்துக்கொண்டேன். எனக்கு அந்தச் சிவப்புப் பறவையைவிட இந்த வரி பெரிது.

8. நெல்லைக்குளம் (நாங்குநேரி)

கூந்தன்குளத்திலிருந்து. வரித்தலை வாத்துகளில் ஒரு பகுதி கிளம்பிவிட்டது. பகலில் குளத்தின் நடுவே ஓய்ந்திருந்து, இரவில் அறுவடை முடிந்த வயல்களில் மேயும் வழக்கமுடையவை ஆதலால், பகலில் நீர்ப்பரப்பு வெறுமையாக இருந்தால் அவை போய்விட்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். அருகிலுள்ள வேறு குளத்துக்கு மாறியிருக்கவும் கூடும் என்பதால் சுற்றுக் குளங்களையும் பார்த்துவிட்டே எழுதுகிறேன். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை இடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்தியாவில் காணப்பட்டதுண்டு. இமயத்தைக் கடக்கும்போது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்த வாத்தைச் செயற்கைக்கோள் கருவியால் ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். எனவே கழுத்தைக் கட்டாயம் பாருங்கள். பட்டையில் எழுத்தும் எண்ணும் இருந்தால் இரண்டையும் நிறத்தோடு குறியுங்கள்.

ஊருக்குள் புளியிலும் வேம்பிலும் நாரைக் கூடுகள் நிறைந்திருக்கின்றன. குளத்துக்கு மணிமுத்தாறு அணை நீர் வந்து சேர்வதைப் பொறுத்தே குஞ்சுகளின் நிலை இருக்கும். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று கருதும் ஊர் என்பதால், கூட்டைக் கலைக்க யாரும் துணிவதில்லை. வெளியூரிலிருந்து வருவோர்தாம் மரத்தடியில் கைதட்டிப் பறக்கவிட்டுப் படமெடுக்கிறார்கள்.

சூறைக்குருவிகள் இன்னும் போகவில்லை. மாலையில் சீவலப்பேரிச் சாலைப் பக்கம் கூட்டம் கூட்டமாக வானில் சுழன்று அடைகின்றன. பொரி வல்லூறு ஒன்று நாள்தோறும் அந்நேரத்துக்கு வந்துவிடுகிறது. சித்திரை நடுவரை இவை நிற்கும். நடு ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி பெருகும் காலத்தை ஒட்டியே அவை கூடு கட்டுகின்றன என்பதால், முன்னதாகப் போய்ப் பயனில்லை போலும்.

எனக்குக் கவலை தருவது பூனைப்பருந்துகள். மோன்டேகு பூனைப்பருந்துகள் திறந்த புல்வெளியில் தரையிலேயே கூட்டமாக அடையும். அந்தப் புல்வெளிகள் வீட்டுமனைகளாகவும் சூரிய மின்பண்ணைகளாகவும் மாறிவருகின்றன. தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் நடைபெறுவதால் குளத்துப் பறவைகளுக்கு ஒப்பிட ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. புல்வெளிப் பறவைக்கு அப்படித் தொடர்ந்து எண்ணுவோர் குறைவு. இம்மாதத்தில் மாலை ஐந்தரைக்குப் பிறகு புல்வெளியோரம் நின்று, தாழப் பறந்து இறங்கும் பருந்துகளை எண்ணி எழுதுவோர் இருந்தால் பேருதவி.

9. வைகைவடகரை (மதுரை)

நான் இத்துறைக்குப் புதியவள். இரு ஐயங்கள்.

முதலாவது, வீட்டு வேலியில் பனிக்காலம் முழுவதும் 'டக், டக்' என்று மட்டும் ஒலித்துக்கொண்டிருந்த பழுப்பு நிறச் சிறு குருவி, இப்போது விடியலில் நீளமாக, பிற பறவைகளின் குரலையும் கலந்து பாடுகிறது. அது வேறு பறவையா, அதேதானா? இரண்டாவது, எங்கள் தெருவின் கல்யாண முருங்கையில் சூறைக்குருவிகள் பூவை மொய்க்கின்றன; தேனுக்காகவா, பூச்சிக்காகவா?

10. ஏரிக்கரையான் (செங்கல்பட்டு)

அதே பறவையாகத்தான் இருக்கும். பெயர் பிளித் நாணல் கதிர்குருவி. கிளம்பும் முன் சில வாரங்கள் இங்கேயே பாட்டைத் தொடங்கிவிடும். பழுப்புக் கீச்சானும் இப்படித்தான். பனிக்காலத்தில் கரகரத்த குரல் மட்டும், பங்குனியில் மெல்லிய பாட்டு. அம்மா, நீங்கள் அப்பாட்டை முதலில் கேட்ட நாளையும், பிறகு ஒரு வாரம் தொடர்ந்து கேட்காமற்போன நாளையும் எழுதினால் அதுவே நல்ல பதிவு. பறவையைக் கண்ணால் பார்க்கவும் தேவையில்லை.

சூறைக்குருவி பூவில் நாடுவது பெரும்பாலும் தேன். பலாச, இலவ, முருக்க மரங்கள் இலையுதிர்ந்து பூக்கும் காலமும் அவை பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் காலமும் ஒன்றாக அமைகின்றன. நெற்றியில் மகரந்தம் அப்பியிருக்கும் குருவிகளைப் பார்க்கலாம்.

காலை ஆறு, மாலை ஆறு அளவில் புதரடியிலிருந்து இரட்டைச் சீழ்க்கை கேட்டால் அதையும் குறியுங்கள். ஆறுமணிக்குருவி இன்னும் ஊர் திரும்பவில்லை என்று பொருள்.

11. குன்னூர்ச்சாரல் (நீலகிரி)

மலைப் பக்கமிருந்து. காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஆண் ஒன்று சோலையோரத்தில் நிற்கிறது. தொண்டையிலிருந்து விலாவரை ஆழ்ந்த செம்மஞ்சள், அதன் இருபுறமும் கறுப்புக் கோடு. செந்தொண்டை ஈப்பிடிப்பானில் இந்தக் கறுப்பு விளிம்பு இராது. மேற்கு இமயத்தின் ஒரு சிறு பரப்பில் மட்டும் கூடு கட்டி, நீலகிரியையும் இலங்கையின் மலைநாட்டையும் பனிக்கால இருப்பிடமாகக் கொண்ட பறவை. அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் உள்ளது. மார்ச் இறுதியில் பெரும்பாலும் கிளம்பிவிடும். இடத்தைச் சொல்லவில்லை, காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இன்னொன்று. இலங்கை மலைநாட்டில் பனிக்காலத்தைக் கழிக்கும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி, இமயத்துக்குத் திரும்பும் வழியில் தென்னிந்தியக் குன்றுகளில் சில நாள் இறங்குவதுண்டு. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் மாதக்கணக்கில் காணப்படும் அப்பறவை, நம் பக்கம் பங்குனியில் ஒரு பழமரத்தடியில் இருநாள் நின்றாலே அதிர்ஷ்டம். ஏற்காடு, கொல்லிமலை, ஏலகிரி நண்பர்கள் உதிர்ந்த இலைகளுக்கு நடுவே கண் வைத்திருங்கள்.

12. மூன்றாம்கண் (கோவை)

இடத்தைச் சொல்லாத பதிவால் யாருக்கு என்ன பயன் என்று விளங்கவில்லை. பழைய நண்பர் வட்டத்துக்குள் தொலைபேசியில் இடம் பகிரப்படுகிறது. அவர்கள் படம் எடுத்துவிடுகிறார்கள். புதியவர்களுக்கு மட்டும் அறநெறி சொல்லப்படுகிறது. ஒரு மாணவன் அந்த ஈப்பிடிப்பானைக் கண்டு ஆர்வம் கொள்வதைத் தடுத்துவிட்டு, பாதுகாப்புக்கு ஆள் இல்லை என்று பிறகு வருந்துவதில் பொருள் இல்லை. பறவை கூட்டில் இல்லை, குஞ்சும் இல்லை. சில பேர் தள்ளி நின்று பார்ப்பதால் என்ன கேடு வந்துவிடும்?

13. குன்னூர்ச்சாரல் (நீலகிரி)

வட்டத்துக்குள் மட்டும் பகிர்வது தவறு என்பதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் தள்ளி நின்று பார்ப்பவர்களால் சிக்கல் இல்லை. கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கிளைநுனிக்கு வரவழைப்பவர்களாலும், புழுவைக் கம்பியில் குத்தி வைப்பவர்களாலும்தான் சிக்கல். நெடும்பயணத்துக்கு முந்தைய வாரங்களில் பறவைக்கு உள்ள ஒரே வேலை, தின்று எடை கூட்டுவது. ஒலியைக் கேட்டு எதிரி வந்துவிட்டதென்று நாள் முழுவதும் அங்குமிங்கும் பறந்தால், அந்த எடை எங்கிருந்து வரும்? கூட்டில் உள்ள பறவைக்கு மட்டுமே அமைதி தேவை என்பது சரியன்று; கிளம்பப் போகிற பறவைக்கும் அது தேவை.

14. ஏரிக்கரையான் (செங்கல்பட்டு)

இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. இந்த இழைக்கு ஒரு நடைமுறையை மட்டும் முன்வைக்கிறேன். நாம் பட்டியல் ஏற்றும் இ-பேர்டு இணையதளத்தில் ஆபத்திலுள்ள சில பறவைகளின் இடம் பொதுப்பார்வையிலிருந்து தானாகவே மறைக்கப்படுகிறது. மற்றவற்றுக்கு, பறவை கிளம்பிய பிறகு பட்டியலை ஏற்றினால் போதும். தகவலும் இழக்கப்படாது, கூட்டமும் சேராது. அப்படிச் செய்வதற்கு அது கிளம்பியதை உறுதி செய்ய நீங்களே சிலமுறை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். கடைசி நாள் பற்றிய பதிவு அவ்வாறே கிடைத்துவிடும்.

மூன்றாம்கண் அவர்களுக்கு: உங்கள் மாணவர்களுக்கு வாலாங்குளத்திலும் சிங்காநல்லூர்க் குளத்திலும் இப்போது காட்ட எத்தனையோ இருக்கின்றன. மீசை ஆலாவின் வயிறு கறுப்பதைத் தொடர்ந்து பார்க்கட்டும். அதற்கு யாருடைய இசைவும் வேண்டாம்.

15. தலைமன்னார்க்காற்று (மன்னார்)

இழையை ஆர்வத்துடன் வாசித்து வருகிறேன். எமது பக்கத்து அவதானிப்புகள் சில.

வங்காலைச் சரணாலயத்தில் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்த நாமத்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் பெருமளவு குறைந்துவிட்டன. நண்டுதின்னிகள் இன்னும் மணற்றிட்டுகளில் நிற்கின்றன; தனுஷ்கோடிப் பக்கமும் அவை நிற்கின்றனவா என்பதை உங்கள் நண்பர்கள் அதே வாரத்தில் பார்த்துச் சொன்னால், இரண்டும் ஒரே கூட்டமா என்பதை ஓரளவு ஊகிக்கலாம். கடலுக்கு நடுவே எல்லைக் கோடு இருப்பது அவற்றுக்குத் தெரியாது. நமது கணக்குகள்தான் அக்கோட்டில் நின்றுவிடுகின்றன.

பெரிய கடற்காகங்களைக் கவனியுங்கள். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பொருத்திய ஹியூக்லின் கடற்காகங்கள் ஏப்ரலில் இங்கிருந்து புறப்பட்டு, ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலுள்ள யமால் தீபகற்பம் வரை சென்றது பதிவாகியிருக்கிறது. எனவே சித்திரை பிறந்த பின்னும் கரையில் பெரிய கடற்காகம் நின்றால், அது பிந்திவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. வடக்கே பனி உருகும் காலத்தை ஒட்டித்தான் அது புறப்படும். அதே காலத்தில் ஆதாம் பாலத்துத் திட்டுகளில் ஆலாக்கள் கூடு கட்டுவதற்கு வந்து சேரத் தொடங்கும். ஆதலால் சித்திரையில் காணும் ஆலா போகிறதா வருகிறதா என்பதை இனம் பார்த்தே சொல்ல வேண்டும்.

16. கோடிமுனை (வேதாரண்யம்)

கருவால் மூக்கன் கூட்டம் இன்று காலை இல்லை. பெரும்பாலும் சாம்பல் நிறத்திலேயே உள்ள சில மட்டும் பாத்தியில் நிற்கின்றன. பூநாரை முன்போலவே இருக்கிறது. அந்தச் சிவப்பு உள்ளானை மீண்டும் காணவில்லை. வளைமூக்கு உள்ளான்களில் முழுதும் சிவந்தவை இரண்டு இருந்தன, பறக்கையில் வெள்ளை தெளிவாகத் தெரிந்தது. இவற்றில் ஒன்றே அன்று நின்றது என்று சொல்லவும் சான்றில்லை, ஆகவே பழைய பதிவை உறுதியாகாததாகவே விட்டுவைக்கிறேன்.

ஒரு கேள்வி: சாம்பல் நிறத்தில் எஞ்சிய அந்த மூக்கன்கள் நோயுற்றவையா?

17. உப்பளத்தான் (தூத்துக்குடி)

நோயுற்றவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கரைப்பறவைகளில் பல இனங்களின் முதலாண்டுப் பறவைகள் இனப்பெருக்கத்துக்கு இன்னும் தயாராகாததால், முதல் கோடையைத் தெற்கிலேயே கழித்துவிடுகின்றன. அவற்றுக்குச் சிவப்பு இறகு வருவதில்லை, அல்லது அரைகுறையாக வருகிறது. வைகாசியிலும் ஆனியிலும் நம் உப்பளங்களில் காணும் கோட்டானும் (ஆந்தை அன்று, வளைந்த அலகுள்ள கரைப்பறவை) மூக்கனும் பெரும்பாலும் இவைதாம். ஆனால் இதை நாம் பட்டியலில் எழுதாவிட்டால், மே மாத மூக்கனைப் பார்க்கும் சரிபார்ப்பவர் அது பிந்திய வலசையா, தங்கிய இளம்பறவையா என்று அறிய வழியில்லை. குறிப்புப் பகுதியில் 'சாம்பல் இறகு, இறக்கை முனை தேய்ந்தது, நன்றாகப் பறக்கிறது' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சிறகு தொங்கினாலோ, ஒரு காலில் நொண்டினாலோ அதையும் எழுதுங்கள்.

கூட்டம் போன திசையைக் கண்டீர்களா? இங்கே எங்கள் மூக்கன்கள் நேற்று மாலை கதிர் சாய்ந்தபின் எழும்பி, வெகுநேரம் வட்டமிட்டு, வடகிழக்கே கரையை ஒட்டிப் போயின. மறுநாள் காலை நான்காம் பாத்தி காலி. உங்கள் பக்கம் அதே இரவில் புதிய கூட்டம் ஏதும் இறங்கியிருந்தால் நேரத்தோடு எழுதுங்கள். இராமநாதபுரம், தொண்டிப் பக்கத்து நண்பர்களும் பார்த்துச் சொல்ல வேண்டும்.